இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. கேட்டு வாங்கினார்கள். கேட்டவர் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் மூத்த செவிலியர். அங்கே எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாள்பட்ட நோயோடு இருக்கிற வயதானவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை அவர் ஒரு வகுப்பு நடத்துகிறார். பாடம், சாவு. அது எப்படி வரும், வரும்போது டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள், எதற்குச் சரி சொல்லலாம், எதற்கு வேண்டாம் என்று சொல்லலாம், இதையெல்லாம் வாய் பேச முடிகிற காலத்திலேயே எப்படிப் பேசி வைத்துக்கொள்வது. அந்த வகுப்பில் படித்துக் காட்ட ஒரு சிறுகதை வேண்டும் என்றார்.

நான் இதுவரை எழுதிய கதைகளில் பதினேழு பேரைக் கொன்றிருக்கிறேன். கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

"ஒரே ஒரு கண்டிஷன் சார்," என்றார் சிஸ்டர். "கதையில பேஷண்ட் சாகணும்."

"சாகாம எப்படி?"

"போன தடவை எழுதிக் குடுத்தவரும் இப்படித்தான் சொன்னார். கடைசிப் பக்கத்துல மாத்துக் கிட்னி கெடைச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க. படிச்சு முடிச்சதும் கிளாஸ்ல இருந்த பன்னண்டு பேரும் என்னைக் கேட்டாங்க, எங்களுக்கு எப்ப கெடைக்கும் சிஸ்டர்னு. அன்னிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

என் கதையில் அப்படி நடக்காது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்பது வீட்டில் பேனாவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

2

தொடக்கங்கள், எழுதிய வரிசையில்:

"சாய்ந்த வெயில் அந்த அறையின் ஜன்னல் கம்பிகளில்…" [வேண்டாம். நான் கொன்ற பதினேழு பேரில் பதினோரு பேர் சாயங்காலத்தில்தான் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அதற்கெல்லாம் நேரம் காலம் கிடையாதாம்.]

"பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். உதட்டில் ஒரு புன்னகை…" [இதைப் பார்த்துவிட்டு சிஸ்டர், "புன்னகைக்கு என்னால கேரண்டி குடுக்க முடியாது சார்" என்றார்.]

"அவர் இறைவனடி…" [முடிக்கவே இல்லை.]

"அவர் செத்துப்…" [கை வரவில்லை. இத்தனை பேரைக் கொன்ற கை. யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் கதைகளையெல்லாம் சாகப்போகிறவர்கள் படிக்கவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.]

நாலு நாள் கழித்து சிஸ்டரிடம் போய், வரவில்லை என்றேன். "கிளாஸுக்கு வந்து உக்காருங்க, வரும்," என்றார்.

உணவு ஆலோசனை அறையில்தான் வகுப்பு. எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று சுவர் முழுக்கப் படம் போட்டு ஒட்டியிருக்கும். கதவில் 'நலவாழ்வு வகுப்பு' என்று ஒரு அட்டை. உள்ளதை உள்ளபடி எழுதினால் நோயாளி வந்தாலும் வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள் என்பதால் இந்தப் பூசி மெழுகல். கதவைச் சாத்தியதும் சிஸ்டர் முதல் வாக்கியத்திலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார். இன்னொரு விதியும் உண்டு: வேடிக்கை பார்க்க அங்கே யாருக்கும் இடமில்லை, உள்ளே உட்கார்ந்தால் படிவம் நிரப்ப வேண்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். எனக்கு வயது அறுபத்து மூன்று, பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. ஏழாவது கேள்வியைக் காலியாக விட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

3

என் கதாபாத்திரம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முப்பத்து நாலு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வகுப்பில் அவரை வாத்தியார் என்றார்கள். "இந்த ஊர்ல ஒழுங்கா ஓட்டறவன் எல்லாம் என்கிட்ட திட்டு வாங்கினவன்," என்று முதல் நிமிஷத்திலேயே என்னிடம் சொன்னார். "ஒழுங்கா ஓட்டாதவன் வேற எடத்துல கத்துக்கிட்டவன்."

ஆறு வருஷமாக வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை, வாத்தியாரின் ரத்தம் வெளியே போய் மெஷினில் சுத்தமாகித் திரும்பி வருகிறது. இப்போது இதயம் பலவீனமாகிவிட்டது. மெஷின் ஓடும்போதே பிரஷர் விழுந்து, போன மாதம் இரண்டு தடவை நினைவு தப்பியிருக்கிறது. டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு முழுக்க எழுந்திருக்க முடிவதில்லை. மறுநாள் கொஞ்சம் தேறுவார், அதற்கு மறுநாள் மறுபடி மெஷின். இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, யோசித்து வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் சிஸ்டர் இவர்களை வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்.

இவர்கள் என்றால் வாத்தியாரும் மருமகளும். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். மருமகள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்துகிறவள். காலையில் மாமனாரைக் காரில் கொண்டுவந்து விட்டு, கூடவே இருந்து, திரும்ப வீட்டில் சேர்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கடையில் நிற்பாள்.

[முதல் வரைவில் இவளை மகள் என்று எழுதினேன். மருமகள் என்றால் வாசகர் அடுத்த பக்கத்திலேயே சண்டையை எதிர்பார்ப்பார் என்று பயம். பிறகு உள்ளபடியே மாற்றிவிட்டேன். சண்டை வருகிறது, எதிர்பார்க்கிற சண்டை இல்லை.]

அவளும் வாத்தியாரிடம் கார் கற்றவள்தான். கல்யாணமான மூன்றாவது மாதம். கார் பழக்குகிற வண்டியில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் வாத்தியார் மிதித்துவிடுவார். வீட்டுக் காரில் அது கிடையாது. ஆனால் முப்பத்து நாலு வருஷப் பழக்கம் சொன்னால் கேட்குமா. மருமகள் ஓட்டும்போதெல்லாம் இவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வரும்.*

* அந்த இடத்தில் தரையில் போட்ட ரப்பர் மிதியடி ஓட்டையாகிவிட்டது. அது மூன்றாவது மிதியடி. நானே பார்த்தேன்.

4

வகுப்பின் நடுவில் ஒரு பயிற்சி. நோயாளிகள் ஓர் அறையில், பார்த்துக்கொள்கிறவர்கள் அடுத்த அறையில். இரண்டு பக்கமும் ஒரே படிவம், ஒன்பது கேள்விகள். நோயாளி தன் விருப்பத்தை எழுத வேண்டும். பார்த்துக்கொள்கிறவர் தன்னுடைய விருப்பத்தை எழுதக் கூடாது, நோயாளியின் மனதில் என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சிஸ்டர் படிப்பார்.

வாத்தியாரும் மருமகளும் ஆறாவது கேள்வி வரை அச்சு அசலாக ஒத்துப்போனார்கள். கடைசி நாட்களில் யாரைப் பக்கத்தில் விடக் கூடாது என்ற கேள்விக்கு இரண்டு பேருமே வாத்தியாரின் மைத்துனரை எழுதியிருந்தார்கள். வகுப்பே சிரித்தது.

"ஏழாவது," என்று சிஸ்டர் படித்தார். "சிகிச்சையை, வாத்தியாருக்குன்னா டயாலிசிஸை, உடம்பு தாங்காம போச்சுன்னா தொடரணுமா, நிறுத்தணுமா. வாத்தியார் எழுதியிருக்கார், தொடரணும், கடைசி வரைக்கும். மருமக எழுதியிருக்காங்க, நிறுத்தச் சொல்வார். வீட்டுலதான் இருக்கணும்பார், ரோட்டுச் சத்தம் கேக்கற முன்னறையில."

வாத்தியார் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீயா எழுதினே?"

"ஆமா மாமா."

"அப்போ நான் போயிட்டா தேவலைன்னு இருக்கா உனக்கு?"

"என் மனசை எழுதச் சொல்லல மாமா. உங்க மனசை எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

"என் மனசுல அது இல்ல."

"சரி மாமா."

"மாத்தி எழுதறியாம்மா?" என்று சிஸ்டர் பேனாவை நீட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். எனக்கு அவள்மேல் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. நோயாளி மனுஷன், ஒரு பேச்சுக்கு அடித்துவிட்டு 'தொடரணும்' என்று எழுதித் தொலைத்தால் என்ன. நானாக இருந்தால் எழுதியிருப்பேன். பொய் எழுதிப் பிழைக்கிறவன் நான்.

5

இந்தப் பகுதியில் நான் இருக்கக் கூடாது. எழுதுகிறவன் கதைக்குள் தலையை நீட்டினால் எனக்கே பிடிக்காது. ஆனால் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், அந்த வழியாகத்தான் போகிறோம், ஏறுங்க சார் என்றாள் மருமகள். ஏறினேன். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஒரு வருஷமாகப் பழுது, இறங்கும்போது நான் வந்து திறக்கிறேன் என்றும் சொன்னாள்.

இரண்டு சிக்னல் தாண்டினோம். முன்னால் ஒரு வண்டிகூட இல்லாத இடத்தில் வாத்தியாரின் கால் தரையை அழுத்தியது.

"கால் வலிக்கும் மாமா. அங்க பிரேக் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சே மிதிக்கிறீங்க."

"நீ லேட்டா மிதிக்கிறே."

"இருவது வருஷமா ஓட்டறேன். எங்கயாவது இடிச்சிருக்கேனா?"

"எப்படி இடிப்பே. நான்தான் மிதிச்சுட்டே வரேனே."

நான் மட்டும் சிரித்தேன். அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஒரு டயர் கடைக்கு முன்னால் ஓரம் கட்டினாள். வாத்தியாரிடம் கற்றவள், அழுகை வந்தாலும் இண்டிகேட்டர் போடாமல் நிறுத்த மாட்டாள்.

"அத்தை போனப்போ நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க," என்றாள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. "ரெண்டு நாள் உங்ககிட்ட பொய் சொன்னேன். அத்தைக்கு ஜுரம், அதான் வரலேன்னு. தாங்க மாட்டார், சொல்லாதேன்னு உங்க பையன் போன்ல சொன்னார், எல்லாரும் சொன்னாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னேன். அன்னியிலேர்ந்து உங்ககிட்ட ஒரு பொய்யும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். அதான் அந்தப் பேப்பர்லயும் சொல்ல முடியல."

டயர் கடையில் ஒருவர் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். வாத்தியார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ போனது. மொத நாளே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அஞ்சு தடவை போன் அடிச்சேன், எடுக்கல. ஜுரமா இருந்தாலும் எடுத்து ரெண்டு திட்டு திட்டிட்டுத்தான் வெப்பா. அப்புறம் நீ டிபன் டப்பாவைத் திறந்து வெச்சுட்டு, எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நின்னே. புரிஞ்சு போச்சு."

"அப்போ ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ சொல்ல வேண்டி வருமே. அவனும் கப்பல்ல. நீயே ஒத்தையா நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தே. நம்பற மாதிரி இருந்துட்டேன்."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே. ஆம்புலன்ஸ்ல படுக்க வெச்சாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். முகத்தைப் பாத்திருக்கலாமே மாமா."

"பாத்திருக்கலாம்," என்றார் வாத்தியார்.

[இந்த இடத்தில் எழுதுகிறவன் கண் கலங்கினான் என்று எழுதுவது கதைக்கு அழகில்லை. கலங்கினேன். இறங்கிப் போய்விடலாம் என்றால் கதவும் திறக்காது. போனை எடுத்துப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டேன்.]

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பவும் அதையேதான் பண்றீங்க. ஏழாவது கேள்வியில," என்றாள்.

"நான் நிறுத்துன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருவேன். நாளைக்கு நாலு பேர் உன்னைத்தானே பேசுவாங்க. மாமனாரை மெஷின்லேர்ந்து எடுத்துட்டா பாருன்னு. என் மச்சான் ஒருத்தன் போதும்."

"அவரைத்தான் பக்கத்துல விடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கோமே."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு வாங்கி, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

[இதற்கு அடுத்து அவர் "நீ எழுதினதுதான் சரி" என்று சொல்வதாக மூன்று வரைவு எழுதினேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. அவர் சொன்னது, "பின்னாடி வண்டி வருது, பாத்து எடு" என்பதுதான்.]

6

இவ்வளவையும் எழுதி, அவர்களைக் கேட்காமல் வெளியே விடக் கூடாது என்று, அடுத்த புதன்கிழமை வாத்தியாரிடம் கொண்டுபோனேன். இடது கையில் ஊசியும் குழாயுமாகப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் பக்கம் திருப்ப, வலது கையில் தாளைப் பிடித்து அவர் படித்தார். நாலு மணி நேரத்தில் என் கதையை இரண்டு தடவை படித்த வாசகர் அவர் ஒருத்தர்தான்.

"இருவது வருஷத்துல இடிச்சதில்லன்னு சொல்றா, நீங்களும் அப்படியே எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக் கேட்டை ஒரு தடவை இடிச்சா. அன்னிக்கு நான் வண்டியில இல்ல." பிறகு, "என்னை எங்க சாகடிக்கப் போறீங்க?" என்றார்.

கையிலிருந்த முடிவுகளைக் காட்டினேன்.

முடிவு ஒன்று. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரஷர் விழுகிறது. ஓடி வருகிறார்கள், திரையை இழுத்து மூடுகிறார்கள். மருமகள் திரைக்கு வெளியே நிற்கிறாள். உள்ளேயிருந்து ஒரு டாக்டர் வந்து அவளிடம் ஒரு கேள்வி கேட்கிறார்.

"இது வேண்டாம். அவளை வெளிய நிக்க வெச்சுட்டீங்க," என்றார் வாத்தியார்.

முடிவு இரண்டு. டயாலிசிஸை நிறுத்திப் பத்தாவது நாள். முன்னறைக் கட்டில். வலி தெரியாமல் இருக்க மருந்து. வெளியே பஸ் போகிற சத்தம். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இதை நிதானமாகப் படித்தார். "நல்லாருக்கு. ஆனா பத்து நாள்ல அவ ஒரு தடவைகூடக் கோவப்படலையே சார். என்னை வெச்சுக்கிட்டு அது நடக்காது."

மூன்றாவது தாளில் 'முடிவு மூன்று' என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"இது?"

"இன்னும் எழுதல."

"இதை வெச்சுக்கங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை நடந்ததை மருமகள் எனக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு மெக்கானிக்கிடம் போயிருக்கிறாள். வாத்தியாரின் பழக்குகிற வண்டிகளுக்கெல்லாம் இரண்டாவது பிரேக் மாட்டிக்கொடுத்த அதே மெக்கானிக். திங்கள் காலை வாத்தியார் காரில் ஏறிக் காலை வைத்தபோது ஓட்டை மிதியடி இருந்த இடத்தில் ஒரு பிரேக் மிதிகட்டை இருந்தது.

"இனிமே சும்மா தரையை மிதிக்க வேண்டாம் மாமா," என்றிருக்கிறாள். "மிதிச்சா நிஜமாவே நிக்கும். என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு மிதிங்க. ஏன்னு கேக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேப்பேன். ஆனா வண்டி நிக்கும்," என்றிருக்கிறாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை வாத்தியார் இரண்டு காலையும் சீட்டோடு இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தப்பித் தவறிப் பட்டுவிடக் கூடாதே என்று. மெஷினில் படுத்ததும் சிஸ்டரிடம் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஏழாவது கேள்வியில் 'தொடரணும்' என்பதை அடித்துவிட்டு எழுதினார்: 'நிறுத்தணும். எப்போ என்று நான் சொல்வேன். என்னால் சொல்ல முடியாமல் போனால் மருமகள் சொல்வாள். அவள் சொன்னால் நான் சொன்ன மாதிரி. யாரும் அவளைக் கேள்வி கேட்கக் கூடாது.' கீழே கையெழுத்து. 'யாரும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு, அது மைத்துனருக்காக.

(என் படிவம்: வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒரு காலிப் படிவத்தைக் கொடுத்து, என் மனதில் இருப்பதை நீ எழுது என்றேன். நாலு நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டாள். நானும் ஏழாவதை எழுதினேன். இரண்டும் ஒரே உறையில், ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கின்றன. இன்னும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன.)

7

சிஸ்டரின் கண்டிஷனுக்கு வருகிறேன். இந்தக் கதையின் நோயாளி சாவார். மாற்றுக் கிட்னி வராது, புது மருந்து வராது, கடைசிப் பக்கத்தில் யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். இதை சிஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த வரியில் என்பதை மட்டும் என்னால் எழுத முடியாது. என்றைக்கு என்று தான் சொல்வதாக வாத்தியார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை மீற நான் யார்.

அதனால் முடிவு மூன்றில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். நடந்ததா என்று கேட்காதீர்கள். இதை எழுதும் இன்று வரை நடக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால். ரோட்டில் கூட்டமில்லை. மருமகள் ஓட்டுகிறாள், வாத்தியார் பக்கத்தில். பின்சீட்டில் இந்தத் தடவை நீங்கள். கதவு உள்ளேயிருந்து திறக்காது, சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி கேட் தெரிகிறது, காவலாளி வண்டியை அடையாளம் கண்டு கேட்டைத் திறந்துவிடுகிறார். கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது வாத்தியார் வலது காலை நீட்டி, பழகுகிறவருக்கு அதிர்ச்சி தராமல் மிதிக்கிற அந்தப் பழைய பக்குவத்தோடு, மெதுவாக மிதிக்கிறார்.

வண்டி நிற்கிறது.

அவள் இண்டிகேட்டரைப் போடுகிறாள். கண்ணாடியில் பின்னால் பார்க்கிறாள், பார்க்கும்போது உங்கள் முகமும் அதில் தெரிகிறது. பிறகு சாவியில் கையை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்புகிறாள்.

"வண்டிய ஆஃப் பண்ணட்டுமா மாமா?"

வாத்தியாரின் பதிலை எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். எழுதி, உங்கள் வண்டியை ஓட்டப்போகிறவர் யாரோ அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து அந்த உறையை எடுக்கிறேன், என் மனைவி அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.

"………………………………………………"